கார்னெட்டிலிருந்து பானைக்கு

எங்கள் மாதா கோயில் பேண்டில் யார் எந்த வாத்தியம் ஊதுவது என்பதைப் பல்தான் தீர்மானிக்கும். கார்னெட் என்கிற சின்னப் பித்தளை எக்காளத்தின் வாய்க்கிண்ணம் சின்னது. அதை முன்பற்களின் மேல் அழுத்திப் பிடித்தால்தான் உச்சியிலுள்ள சுரம் வரும். பல் ஆட ஆரம்பித்தவரைக் கொஞ்சம் பெரிய கிண்ணமுள்ள வாத்தியத்துக்கு மாற்றுவார்கள். அதுவும் ஒத்துவராமல் போனால் பெரிய டிரம். டிரம் அடிக்கப் பல் வேண்டியதில்லை. டிரம்முக்கு அப்புறம் வீடுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் மாஸ்டர் ஒருவருடைய கையிலிருந்து வாத்தியத்தை வாங்கி இன்னொருவர் கையில் கொடுப்பார். அவ்வளவுதான், எல்லோருக்கும் புரிந்துவிடும்.

என் நைனாதான் அந்த பேண்டில் முதல் கார்னெட். பட்டாளத்து பேண்டில் சேர்ந்து, அங்கேயே மீசை நரைத்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர். பகலில் காக்ஸ் டவுனில் ஒரு துரை பங்களாவில் தோட்ட வேலை. சாயங்காலமானால் கார்னெட். அவருக்கு அ, ஆ தெரியாது. கையெழுத்துக்குப் பெருவிரல்தான். ஆனால் ஐந்து கோட்டின் மேல் ஏறி இறங்கும் கறுப்புப் புள்ளிகளை, நான் பேப்பர் படிப்பது போலச் சரளமாகப் படிப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் மெட்ரிக் தேறி, தண்டில், அதாவது கண்டோன்மென்டில், ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்த முதல் ஆள் நான். எனக்கு அந்தப் புள்ளிகள் இன்றைக்கும் எறும்பு ஊர்வது போலத்தான்.

அந்த வருஷம் ஈஸ்டர் பூசைக்கு நைனா ஊதியபோது, உச்சியில் ஒரு சுரம் உடைந்தது. ஓட்டை வழியே காற்றுப் போவது போல ஒரு சத்தம். கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்டர் மட்டும் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். மற்றவர்கள் பண்டிகைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்போது, நான் மாஸ்டருடைய அந்த ஒரு பார்வையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அதற்கப்புறம்தான் நைனா சாப்பிடும் விதத்தைக் கவனித்தேன். ரொட்டியை டீயில் நனைத்து இடது பக்கமாகவே மென்றார். கறித்துண்டை யாருக்கும் தெரியாமல் என் தட்டில் தள்ளினார்.

"இன்னாய்யா, புள்ள மேல திடீர்னு பாசம்?" என்றாள் அம்மா.

"எனுக்குப் பசி இல்ல."

"பசி இல்லாதவன் கொயம்ப மட்டும் மூணு தபா ஊத்திக்கினு குடிப்பானா? வாயத் தொற."

நைனா வாயைத் திறக்கவில்லை. அம்மா சும்மா விடுகிற ஆள் இல்லை. மீசையைத் தூக்கி உதட்டை விலக்கிப் பார்த்தாள். மேல்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு பல்லும் வேலி முளைபோல முன்னே சாய்ந்திருந்தன. ஈறு கன்றிச் சிவந்து, விரல் பட்டதும் சீழ் கட்டியிருப்பது தெரிந்தது.

"அட பாவி மனுசா. இத்தோட அந்தப் பித்தளைய வச்சி அழுத்தறியா நீ?"

"அழுத்தாம எப்பிடி ஊதறது?"

அவர் அதைக் கேட்டது கேலியாக அல்ல. உண்மையாகவே வேறு வழி தெரியாமல் கேட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நைனாவுக்குச் சலவைச் சட்டை போட்டு ஜட்காவில் ஏற்றினேன். டாக்டர் ஆங்கிலோ இந்தியர், வயசானவர். கையைக்கூடத் துடைக்காமல் இங்கிலீஷில் பேசினார். நான் நடுவில் நின்று தமிழில் சொன்னேன். இங்கிலீஷ் படித்ததற்கு இப்படி ஒரு வேலை வரும் என்று நான் நினைத்ததில்லை. ஒவ்வொரு வாக்கியமும் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகவேண்டும்.

"ரெண்டு பல்லையும் எடுத்துடணுமாம், நைனா. பக்கத்துப் பல்லும் தாங்குமான்னு தெரியலையாம். உட்டா விஷம் ஒடம்புல எறங்கிடுமாம்."

"எடுத்தா ஊதலாமான்னு கேளு."

கேட்டேன். டாக்டர் கார்னெட் என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்தார். தலையை ஆட்டினார். கட்டுப்பல் வைத்தாலும் அந்த அழுத்தத்துக்கு நிற்காது என்றார். பிறகு, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று தோளைக் குலுக்கினார்.

"இன்னா சொல்றாரு?"

"ஊத முடியாதாம்."

"அதுக்கப்புறம் இன்னாமோ சொன்னாரே."

நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாலும், பட்டாளத்தில் துரைகளின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவர். மறைக்க முடியவில்லை.

"இந்த வயசுல எதுக்குன்னு கேக்கறாரு, நைனா."

நைனா டாக்டருடைய நரைத்த தலையை நிதானமாகப் பார்த்தார். "அவுரு எந்த வயசுல பல்லு புடுங்கறத உடப்போறாருன்னு கேளு."

நான் டாக்டரிடம், "நாளைக்கே வருகிறோம் என்கிறார்" என்று சொன்னேன்.

மறுநாள் இரண்டு பல்லும் போயின. அடுத்த வாரம் இன்னொன்றும் போயிற்று. ஈறு ஆறும்வரை கார்னெட்டைத் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நைனா அதை ஒழுங்காகக் கேட்டார். அது எனக்கு இன்னும் கவலையைக் கொடுத்தது. எதையும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற மனுஷன் இல்லை அவர். சாயங்காலம் தோட்ட வேலை முடிந்து வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவார். தெருவில் பேண்டுக்காரர் யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். ஒரு மனுஷன் இளைத்துக்கொண்டே போனால் சோறு போடலாம். இப்படி வற்றிக்கொண்டே போனால் என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆபீசில் உட்கார்ந்து நகல் எடுக்கும்போது திடீரென்று நினைப்பு வரும். இப்போது வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ? அன்றைக்கு நகல் இரண்டு தடவை எடுக்க வேண்டியிருக்கும்.

ஈறு ஆறியதும் ஒரு நாள் கார்னெட்டை எடுத்தார். அம்மாவும் நானும் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். புஸ்ஸென்று காற்று வந்தது. மறுபடியும் காற்று. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சுடுதண்ணி இருக்குதா?" என்றார். வாத்தியத்தைக் கழுவித் துடைத்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மாஸ்டர் நைனாவைவிடப் பத்து வயது சின்னவர், நல்லவர். வீட்டுக்கே வந்தார். கூடவே பெரிய டிரம் அடிப்பவரும் வந்தார். அவரும் ஒரு காலத்தில் கார்னெட் ஊதியவர்தான். இப்போது வாயில் ஒரு பல்லும் கிடையாது, பேச்சு மட்டும் நிறைய.

"வா ணே, வா. ஒனக்குன்னு ஒரு குச்சி செதுக்கி வச்சிருக்கேன்" என்றார் டிரம்காரர். "நான் ஒரு பக்கம் அடிக்கறேன், நீ ஒரு பக்கம் அடி. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பல்லு இருந்தாப் போதும், பீடி கடிக்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "திருவிழாவுக்கு டிரம்முக்கு வா ணே. தேர் முன்னாடி நீ இல்லாம நல்லா இருக்காது."

நைனா கையிலிருந்த டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பானை சும்மாதான கெடக்குது?" என்றார்.

பானை என்று அவர்கள் சொல்வது யூபோனியத்தை. மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஊதும் பெரிய பித்தளை வாத்தியம். அதை ஊதியவர் கோலார் தங்கவயலில் வேலை கிடைத்துப் போனதிலிருந்து கோயில் பள்ளிக்கூட அலமாரிமேல் ஒட்டடை படிந்து கிடந்தது. அதன் வாய்க்கிண்ணம் பெரிது. உதடு பூராவும் அதற்குள்ளே அடங்கிவிடும். பல்லின்மேல் பாரம் அதிகம் விழாது.

"அது வேற வாத்தியம் ணே" என்றார் மாஸ்டர் தயக்கத்தோடு. "அதோட வேலையே வேற."

"வெரலு வக்கிறது ஒண்ணுதான?"

"வெரலு ஒண்ணுதான். ஆனா..."

"அப்ப குடு."

மாஸ்டர் ஏன் தயங்கினார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

முதல் இரண்டு வாரம் வீட்டில் நடந்ததைச் சங்கீதம் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்னம்மா, எருமை ஏதாச்சும் வாங்கிட்டீங்களா?" என்றாள். அம்மா சளைக்காமல், "வாங்கல, கட்டிக்கினேன்" என்றாள். நைனாவுக்குக் கோபம் வரவில்லை. உதட்டைத் தளர்த்தி, இறுக்கி, கிண்ணத்தை இடம் மாற்றி வைத்து, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கும்போது எனக்குத் திக்கென்றிருக்கும். விஷம் எல்லாம் போய்விட்டதா, இல்லை நெஞ்சில் எங்கேயாவது தங்கிவிட்டதா? பல் பிடுங்கிய அன்று டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து, நெஞ்சும் பலவீனம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருந்தார். அதை நான் சரியாகத்தான் தமிழில் சொன்னேனா என்று படுக்கையில் புரண்டுபுரண்டு யோசித்தேன். ஆனாலும் "போதும் நைனா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டால் முதல் தடவையிலேயே திரும்ப ஆரம்பித்திருந்தார்.

மூன்றாவது வாரம் சத்தம் உருண்டு வந்தது. நான்காவது வாரம் பாட்டு வந்தது. அங்கேதான் வினை.

பானைக்கு உரியது மெட்டு அல்ல. கார்னெட் மேலே பாடிக்கொண்டு போகும்போது, அதற்குக் கீழே தனியாக ஒரு வழியில் நடந்து, கார்னெட் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தலைதூக்கிவிட்டு மறுபடி கீழே போய்விட வேண்டும். நைனா இத்தனை காலமாக மெட்டையே ஊதியவர். தாளில் கீழ்ப்பாட்டுதான் எழுதியிருக்கும், கண் அதைத்தான் பார்க்கும். ஆனால் நான்கு அடி போனதும் விரல் தானாகவே மெட்டுக்குத் தாவிவிடும். ஒத்திகையில் அவர் அப்படித் தாவியபோது, அடியில் இன்னொரு கார்னெட் முளைத்தது போலக் குழப்பமாகிவிட்டது. புதிதாக முதல் கார்னெட்டுக்கு வந்திருந்த தச்சுப்பட்டறை இளைஞன் பயந்துபோய் நிறுத்திவிட்டான்.

மாஸ்டர் குச்சியைத் தட்டினார். "அண்ணே, அது அவன் பாட்டு."

"தெரியும் மாஸ்டர். கை போய்ட்ச்சி."

இன்னொரு தடவையும் கை போயிற்று. மூன்றாவது தடவை மாஸ்டர் எல்லோரையும் அனுப்பிவிட்டு நைனாவை நிற்கச் சொன்னார். நான் கதவருகே நின்றிருந்தேன்.

"உன்கிட்ட இதச் சொல்ல எனக்கு வாய் வரல ணே. ஆனா திருவிழாவுல தேர் முன்னாடி இப்பிடி ஆச்சின்னா, உன்னை நிறுத்திப்புடுவேன். அப்புறம் டிரம்முக்கும் கூப்பிட மாட்டேன். நாலு பேரு சிரிக்கறாப்பல உன்னை நிக்க வைக்க என்னால ஆவாது."

"நாயம்தான்" என்றார் நைனா.

வீட்டுக்கு நடந்தோம். பானையை நான் வாங்கிக்கொள்ளப் போனேன், கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டிரம்முக்கும் இல்லையென்றால் அப்புறம் வாசற்படிதான். அந்த வாசற்படியில் அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தாயிற்று. இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று, ஆபீஸ் விட்டதும் நேராக வீட்டுக்கு ஓடினேன். நான் மெட்டைப் பாடுவது, அவர் அதற்குக் கீழே ஊதிப் பழகுவது என்று ஏற்பாடு. என் குரலோ பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே உட்காரச் சொன்ன குரல். அவர் தவறுவதற்கு முன் நான் தவறினேன்.

"டேய், நீ மேலயும் இல்ல கீழயும் இல்லடா" என்று நைனா சிரித்துவிட்டார். மூன்று பல் இல்லாத சிரிப்பு.

"நகரு" என்றாள் அம்மா. அவள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தாமலே மாதா பாட்டின் மெட்டை எடுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டுக்காக அவள் வாயைத் திறந்து நான் கேட்டதே இல்லை. கலியாணமான நாளிலிருந்து இவர் ஊதியதைச் சமையலறையிலிருந்து கேட்டுக் கேட்டு, ஒரு வளைவு விடாமல் அவளுக்குள் தங்கியிருக்கிறது. மூச்சு வாங்கும் இடம்கூட நைனா வாங்கும் இடமேதான்.

நைனா பானையை எடுத்தார். இரண்டு அடி கீழே நடந்தார். மூன்றாவது அடியில் அம்மாவோடு சேர்ந்து மேலே ஏறிவிட்டார்.

அம்மா குழவியை நிறுத்தினாள். "எங்கூட வராதய்யா. கீழ வா."

"நீ பாட்டுக்குப் போற. இத்தினி வருசம் நான் போன வழி. எப்பிடி உட்டுட்டு வர்றது?"

"நான்தான் போறேனே, அப்புறம் ஒனக்கு இன்னா? உடு."

இப்படியே தினமும் மிளகாய் அரைபட்டது. அந்த மாசம் எங்கள் வீட்டுக் குழம்பில் காரம் கொஞ்சம் அதிகம். நைனா சில நாள் கடைசி அடிவரை கீழேயே நின்றார். சில நாள் முதல் அடியிலேயே ஏறிவிட்டார். நிச்சயமாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. திருவிழா மட்டும் நிச்சயமாக நெருங்கிக்கொண்டிருந்தது.

திருவிழா அன்று சாயங்காலம் தூறல். தேரில் மாதா சொரூபத்துக்கு மேலே கித்தான் கட்டியிருந்தார்கள். பேண்டு தேருக்கு முன்னால் மூன்று வரிசையாக நின்றது. நைனா கடைசி வரிசையில், டிரம்காரருக்குப் பக்கத்தில். எப்போதும் முதல் வரிசையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவரைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் மெழுகுவர்த்திக் கூட்டத்தோடு சேராமல் ஓரமாக, அவருக்கு நேராக நடந்தேன். கையிலிருந்த குடையை விரிக்கவில்லை. விரித்தால் அதன்மேல் விழும் தூறல் காதை மறைத்துவிடுமோ என்று பயம்.

முதல் தெரு சரியாகப் போயிற்று. மேலே இளைஞனுடைய கார்னெட், கீழே ஒரு கனத்த நடை. அது நைனாதான் என்பதை நம்பவே எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது தெருவும் அப்படியே. டிரம்காரர் எனக்குக் கண்ணடித்தார். நான் அவரைப் பார்க்காதது போல இருந்தேன். சந்தோஷப்பட்டால் கெட்டுவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

மூன்றாவது தெரு முனையில் தேர் திரும்ப நேரம் ஆகும். அங்கே நின்றபடியே மாதா பாட்டை வாசிப்பது வழக்கம். எங்கள் ஜனங்கள் எல்லோரும் கூடவே பாடுவார்கள். இளைஞன் எடுத்தான். ஜனம் சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான குரல், அத்தனையும் மெட்டில். நைனாவின் கண் தாளில் இல்லை. தேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ என்று நான் நினைப்பதற்குள் பானை மேலே ஏறிவிட்டது.

மெட்டு அடியிலிருந்தும் மேலிருந்தும் ஒரே சமயத்தில் வந்து முட்டியது. இளைஞன் தடுமாறினான். மாஸ்டர் கையால் தாளம் காட்டிக்கொண்டே தலையைத் திருப்பினார். அந்தப் பார்வை எனக்கு ஈஸ்டரிலிருந்தே தெரியும்.

நைனா நிறுத்தினார். வாத்தியத்தை இறக்கவில்லை. கிண்ணத்தை உதட்டிலேயே வைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஓர் அடி போயிற்று. இன்னும் ஓர் அடி. பெரிய வாத்தியம் ஒன்று நின்றுபோனால் பேண்டு எப்படி வெறுமையாகக் கேட்கும் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். இளைஞன் மட்டும் மேலே தனியாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு, ஆனால் நிற்காமல் போய்க்கொண்டிருந்தான். முடிந்தது, இனி இவர் ஊத மாட்டார் என்று நினைத்தேன். இளைஞன் மூச்சு வாங்க விட்ட இடத்தில், கீழேயிருந்து பானை மெதுவாகத் தலைதூக்கியது. அந்த இடைவெளியை மட்டும் நிரப்பிவிட்டு, மறுபடி கீழே போய் நடக்க ஆரம்பித்தது. கடைசி அடிவரை மேலே வரவே இல்லை.

கோயிலுக்குத் திரும்பி, ஆசீர்வாதம் முடிந்து, பேண்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் வாத்தியங்களிலிருந்து எச்சிலை வடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் வரிசையாக ஒவ்வொருவரிடமும் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். நான் நைனாவின் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாட்டிவிடவும் இல்லை, மடிக்கவும் இல்லை.

மாஸ்டர் எங்கள் முன்னால் வந்து நின்றார். நைனாதான் முதலில் பேசினார்.

"கை போய்ட்ச்சி, மாஸ்டர். சொன்னா சொன்னதுதான். பானைய நானே அலமாரில வச்சிட்டுப் போறேன்."

"இவனுங்க எவனாச்சும் தப்பு பண்ணா இன்னா பண்ணுவான்?" என்றார் மாஸ்டர், மற்றவர்களைத் தாடையால் காட்டி. "இன்னும் சத்தமா ஊதுவான். நீ நிறுத்தின. தேரு முன்னால, அத்தினி ஜனத்துக்கு நடுவுல நிறுத்திட்டுக் காத்திருந்து வந்த. எனக்கு அது போதும்."

நைனா பானையைத் தலைகீழாகப் பிடித்து இன்னும் வடித்துக்கொண்டிருந்தார். அதில் வடிய ஒன்றும் மிச்சமில்லை.

"செவ்வாக்கெழம ஒரு அடக்கம் இருக்குது" என்றார் மாஸ்டர். "மூணு மணிக்குக் கெளம்பணும். கல்லறை வரைக்கும் நடை. வெள்ளைச் சட்டை."

"இன்னா இன்னா வாசிக்கறோம்?"

மாஸ்டர் சொன்னார். நைனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "எல்லாத்துலயும் மேல எனுக்குத் தெரியும். கீழ இன்னா வருதுன்னு நாளைக்கே எழுதிக் குடு" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது பானையை என் கையில் கொடுத்தார். நான் நினைத்ததைவிட அது கனமாக இருந்தது. கல்லறைக்குப் போகும் வழி பூராவும் மேடு. இதைத் தூக்கிக்கொண்டு ஊதிக்கொண்டே ஏறவேண்டும். நெஞ்சைப் பற்றி டாக்டர் சொன்ன வார்த்தையை நான் மறுபடியும் இங்கிலீஷில் நினைத்துப் பார்த்தேன். நைனா எனக்கு நாலடி முன்னால், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, செவ்வாய்க்கிழமை பாட்டை வாய்க்குள் முனகியபடி நடந்தார்.